‘கவித்த முடி’: ஒரு சொல்லாராய்ச்சி

‘கவி’, ‘கவிழ்’ என்பன தமிழில் நெருங்கிய வினைகள். மேல் கீழாதலே இரண்டுக்கும் அடிப்படை. ஆயினும் கலம் கவிழ்ந்தது எனில் கேடு. தலை கவிழ்ந்தான் எனில் நாணம். குடை கவித்தான், முடி கவித்தான் எனில் காப்பும் அரசும் தோன்றும். பாத்திரம் கவிழ்ந்தால் உள்ளிருப்பது சிந்தும். அதுவே ஒன்றின்மேல் கவிந்தால் அதனைக் காக்கும்.

கண்ணன் சரிதத்தில் இரண்டும் உண்டு. சகடத்தைத் திருவடியால் கவிழ்த்தது விரோதி நிரஸனம். கோவர்த்தனத்தை 7 நாள் குடையாகக் கவித்தது ஆச்ரித ரக்ஷணம்.

பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில், த்வயார்த்தத்தை விவரிக்குமிடத்தே, எம்பெருமான் நிற்கும் நிலையைக் காட்டும்போது ‘கவித்த முடி’ என்று அருளிச்செய்கிறார். ‘அணிந்த முடி’ எனில் அது ஆபரணமாத்திரமாய் நின்றுவிடும். முடி கவித்தலாவது ஆளும் உரிமையோடு காக்கும் பொறுப்பையும் ஏற்றல். அபய ஹஸ்தம் ‘காப்பேன்’ என்கிறது. கவித்த முடி ‘காக்க வல்லேன்’ என்கிறது. சக்தியில்லாதவன் சொல்லும் அபயம் தஞ்சமாகாதன்றோ?

திருவண்ணாமலைக்கு அணித்தான திருக்கோவலூரில் உலகளந்த திருவடியைச் சேவிப்பார்க்கு இப்பொருள் இன்னும் தெளிவாகும். அங்கே கீழிருக்கவேண்டிய திருவடி மேலோங்கி நிற்கிறது. கோயில்தோறும் நம் தலையில் சாதிக்கப்பெறும் ஸ்ரீசடாரியும் முடிபோன்ற வடிவினது, அதன்மேல் திருவடிகள். அவனுக்கு முடி கவித்தது ஸ்வாமித்வத்துக்கு. நமக்குத் திருவடி கவிவது சேஷத்வத்துக்கு.

உலகளந்த அன்று, வணங்காத தலைகளின்மேலும் அத்திருவடி பட்டது. ஆகையால் இன்று நாம் தலை கவிழ்வது அதற்கு விலையன்று, விலக்காமை மாத்திரமே.