மோகனூர் காவிரியில் எடுக்கப்படும் தண்ணீர் சாம்பிள்... அந்த எண்களை எப்படிப் படிக்கணும்?

ஆடிப்பெருக்கு அன்னிக்கு மோகனூர் காவிரிக் கரையில் நிற்க இடம் கிடைக்காது. அந்தத் தண்ணீர் குளிக்கத் தகுந்ததுதானா என்று யாராவது பார்க்கிறார்களா? பார்க்கிறார்கள், அதுவும் பல வருஷமா. ஆனா அந்த எண்கள் இருப்பதே கரையில் இருக்கிற பலருக்குத் தெரியாது.

யார் அளக்கிறார்கள்?

தேசிய நீர்த்தரக் கண்காணிப்புத் திட்டத்தை 1978-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொடங்கியது. அப்போது நாடு முழுக்க ஆறு, ஏரி என்று பார்த்தால் 24 இடங்கள்தான். இப்போது நிலத்தடி நீரையும் சேர்த்து 4 ஆயிரத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் சாம்பிள் எடுப்பது மாநில வாரியம். மேட்டூரில் தொடங்கி பள்ளிபாளையம், மோகனூர், திருமுக்கூடலூர், முசிறி, திருச்சி என்று காவிரி நெடுக ஸ்டேஷன்கள் இருக்கின்றன. மோகனூர் ஸ்டேஷன் பட்டியலில் 'பட்டைப்பாளையம் அருகில்' என்ற குறிப்போடு வரும்.

இந்த இடம் ஏன் முக்கியம்? மேலே பள்ளிபாளையம், குமாரபாளையம், ஈரோடு பக்கம் சாயப்பட்டறைகள். சேலம் ஊர்க் கழிவைச் சுமந்து வரும் திருமணிமுத்தாறு, பரமத்தி வேலூர் வட்டாரத்தில் நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில் கலக்கிறது. இதெல்லாம் கலந்த பிறகு வருகிற தண்ணீர்தான் மோகனூரைத் தொடுகிறது.

பிஓடி-ன்னா என்ன?

அட்டவணையில் கவனிக்க வேண்டியவை மூன்று. தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன், பிஓடி, கோலிஃபார்ம் பாக்டீரியா. பிஓடி என்பது தண்ணீரில் உள்ள கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுது என்கிற கணக்கு. நம் நாட்டில் சாம்பிளை 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்துப் பார்ப்பார்கள். எண் ஏறினால் கழிவு அதிகம்னு அர்த்தம்.

குளிக்க ஏற்ற நீர் என்றால் பிஓடி லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்கணும். ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. மொத்த கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 500-க்குள். மீன் பிழைக்க ஆக்சிஜன் குறைந்தது 4 வேணும். இந்த நாலு எண் தெரிந்தாலே பாதி அட்டவணை புரிஞ்சிடும்.

2018-ல் மத்திய வாரியம் நாடு முழுக்க 351 ஆற்றுப் பகுதிகளை 'மாசடைந்தவை' என்று பட்டியலிட்டது. மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரி அதில் மிக மோசமான முதல் வகையில் இருந்தது. மோகனூரும் அதற்குள்தான் வருது. ஆனா ஒண்ணு, இவ்வளவு நீளமான பகுதிக்கு ஒரே முத்திரை குத்தும்போது எந்த ஊரில் மோசம், எந்த ஊரில் பரவாயில்லை என்பது மறைந்துவிடும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஸ்டேஷன் எண்கள் வேணும்.

பழைய கணக்கு எதற்கு?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா கடற்கரையில் வில்லிஸ் ஹெவாட் என்கிற மாணவர் 1931 முதல் 1933 வரை பாறைகளில் ஒட்டி வாழும் நத்தை, சிப்பி, கடல் சாமந்திகளைச் சதுரம் சதுரமாக எண்ணி எழுதி வைத்தார். 60 வருஷம் கழித்து இன்னொரு குழு, பாறையில் பதித்திருந்த பித்தளை போல்ட்டுகளை அடையாளமாக வைத்து அதே இடத்தைக் கண்டுபிடித்து மறுபடி எண்ணியது. வெப்பக் கடலுக்குரிய தெற்கத்தி உயிரினங்கள் பெருகியிருந்தன, குளிர்க் கடலுக்குரிய வடக்கத்தி உயிரினங்கள் குறைந்திருந்தன. 1995-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்த ஆய்வு கடல் சூடாவதற்கு ஒரு முக்கியச் சாட்சியானது. ஹெவாட் எண்ணியபோது அது எதற்குப் பயன்படும் என்று அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதே இடம், அதே முறை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இந்த மூன்றும் இருந்ததால்தான் அது நடந்தது.

நம்ம டேட்டாவில் என்ன சிக்கல்?

ஆண்டு அட்டவணையில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அந்த வருஷத்தின் குறைந்த எண், அதிக எண் என இரண்டுதான் இருக்கும். உதாரணத்துக்கு, பிஓடி '2 – 6' என்று இருந்தால் அந்த 6 எந்த மாதம் வந்தது? வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதா, ஆறு வறண்டு கிடந்தபோதா? தெரியாது. பெரும்பாலும் பிடிஎஃப் வேற. பத்து வருஷத்தை ஒப்பிட நினைப்பவர் உட்கார்ந்து டைப் அடிக்கணும்.

மாதம் தெரிவது இங்கே ரொம்ப முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். 2022-ல் மே 24-லேயே திறந்தாங்க. 2024-ல் ஜூலை 28 ஆயிடுச்சு. ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது அதே அளவு கழிவு விழுந்தாலும் எண் எகிறும். ஒரு வருஷ ஜூலையை இன்னொரு வருஷ ஜூலையோடு கண்ணை மூடிக்கிட்டு ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் கிடைக்கும்.

இன்னொரு குறை, உயிரினக் கணக்கு. ஆற்றுக் கல்லைப் புரட்டினால் அடியில் பூச்சிகளின் இளம்புழு, நத்தை, தட்டான் குஞ்சு எல்லாம் இருக்கும். சுத்தமான நீரில் மட்டும் பிழைப்பவை சில. சாக்கடையிலும் தாங்குகிற சிவப்புப் புழு மாதிரியானவை சில. சாம்பிள் அந்த நிமிஷத்து நிலையைத்தான் காட்டும், கல்லடிப் பூச்சி கடந்த பல வாரங்களைக் காட்டும். ராத்திரியில் கழிவைத் திறந்துவிட்டுக் காலையில் மூடினாலும் அதுங்ககிட்ட மறைக்க முடியாது. இப்படிப் பூச்சிகளை வைத்து ஆற்றை ஐந்து வகுப்பாகப் பிரிக்கும் முறையை மத்திய வாரியமே வகுத்து வைத்திருக்கிறது. ஆனால் ஆண்டு அட்டவணையில் வருவது ரசாயன எண்களும் பாக்டீரியா எண்ணிக்கையும்தான்.

எங்கே பார்ப்பது?

மத்திய வாரியத்தின் இணையதளத்தில் நீர்த்தரத் தரவுகள் வருஷ வாரியாக இருக்கின்றன. தேடும்போது ஊர்ப் பெயரை மட்டும் நம்பாமல் ஸ்டேஷன் குறியீட்டு எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது, ஆங்கில ஸ்பெல்லிங் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்னு சொல்ல முடியாது. மாத வாரியான எண்கள் வேணும்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநில வாரியத்திடம் கேட்கலாம். மனுவில் ஸ்டேஷன் பெயர், மாதம், வருஷம் மூன்றையும் தெளிவா எழுதணும். பொதுவா 30 நாளுக்குள் பதில் தரணும் என்பது விதி.