கண்ணைப் பறிக்கும் பைக் விளக்கு!
எதிரே வருகிறவருக்கு எமன். வயரில் தீப்பிடிக்கும் ஆபத்து

கிருஷ்ணன்கோவில்,

மோட்டார் சைக்கிளில் வீட்டிலேயே கூடுதல் விளக்கு மாட்டிக்கொள்ளும் மோகம் வாலிபர்களிடம் பரவி இருக்கிறது. மாட்டியவருக்கு ரோடு பளிச்! எதிரே வருகிறவருக்கோ கண்ணே இருட்டு!

கிருஷ்ணன்கோவில் மதுரை-கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பஸ்களும், கேரளா போகும் லாரிகளும் இந்த வழியாகத்தான் ஓடுகின்றன. வத்திராயிருப்பு ரோடும் இங்கேதான் பிரிகிறது. கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருப்பதால் பைக்குக்கும் பஞ்சம் இல்லை. ஊரைத் தாண்டினால் வயலும் தோப்பும்தான். ராத்திரியில் கும்மிருட்டு.

"கம்பெனி விளக்கு பத்தலை" என்பதுதான் விளக்கு மாட்டுகிறவர்கள் சொல்லும் காரணம். அது பொய்யும் இல்லை. ஹாலஜன் பல்பு உள்ள பல வண்டிகளில் 35 வாட்தான். டிம் அடிக்காமல் வரும் லாரிக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

50 மீட்டர் குருட்டு ஓட்டம்

ஆனால் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் பைக், ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எதிர் வெளிச்சம் பட்டு 3 வினாடி கண் தெரியாவிட்டால் 50 மீட்டர் குருட்டு ஓட்டம்தான்! அந்த 50 மீட்டருக்குள் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் கூலித் தொழிலாளி இருந்தால்? பஞ்சர் ஆன டிராக்டர் நின்றால்?

விளக்கு மாட்டியவர் தன்பாட்டுக்குப் போய்விடுவார். விபத்து அவர் முதுகுக்குப் பின்னால் நடக்கும். தன்னால்தான் நடந்தது என்பது அவருக்குத் தெரியக்கூட தெரியாது!

6 மாதம் ஜெயில்

பதிவு அதிகாரியிடம் முன் அனுமதி வாங்காமல் வண்டியின் முன்பக்கம் 'ஸ்பாட் லைட்', 'சர்ச் லைட்' மாட்டக்கூடாது என்று 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் (111-வது விதி) சொல்கின்றன. அனுமதியும் விசேஷ காரணம் இருந்தால்தான்.

எந்த முன்விளக்கானாலும் 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்காதபடி கீழே சாய்ந்திருக்க வேண்டும். இது 106-வது விதி.

சட்டத்துக்கு விரோதமாக வண்டியை மாற்றினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒரு மாற்றத்துக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-ல் வந்த திருத்தம் இது.

டேங்குக்கு அடியில் வயர்

மாட்டும் முறையிலும் கோளாறுதான். ஹாரன் வயரைச் சீவி, அதில் விளக்கு வயரை முறுக்கி, மேலே டேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டு 20 வாட் விளக்குகள், 12 வோல்ட் பேட்டரியில் 3 ஆம்பியருக்கு மேல் கரண்ட் இழுக்கும். மெல்லிய வயர் சூடேறும். ஹேண்டில் பாரைத் திருப்பத் திருப்ப, வயர் நசுங்கித் தோல் உரியும். அது இரும்பில் பட்டால் பொறி பறக்கும். மேலே இருப்பதோ பெட்ரோல் டேங்க்!

அனுமதி வாங்கி மாட்டுகிறவர்கள் ரிலே வைத்து, பேட்டரியில் இருந்து தனி வயர் இழுக்க வேண்டும். பேட்டரியை ஒட்டியே 5 ஆம்பியர் பியூஸ் வேண்டும். 30 ரூபாய் சாமானில் கஞ்சம் பிடித்து வண்டியையே கொளுத்திக் கொள்ளலாமா? சாவியை எடுத்தால் விளக்கும் அணைகிற மாதிரி இணைப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் பேட்டரி காலி. கிக்கரும் இல்லாத வண்டி என்றால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

சுவரில் சோதனை

முதலில், இருக்கிற ஹெட்லைட்டைச் சரிசெய்தாலே பலருக்குப் போதும். கண்ணாடியில் படிந்த அழுக்கைத் துடைத்து, மங்கிய பல்பை மாற்றலாம். ராத்திரியில் சுவருக்கு 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சுவரில் சாக்பீசால் குறிக்க வேண்டும். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே விழுகிற மாதிரி ஹெட்லைட் திருகைத் திருப்பினால் சரி.

இதை வெறும் வண்டியில் பார்க்கக்கூடாது. பின் சீட்டில் ஆள் ஏறினால் முன்பக்கம் தூக்கி, வெளிச்சமும் மேலே போய்விடும். ஆகவே, ஓட்டுகிறவரோடு வழக்கமாகப் பின்னால் வருகிறவரையும் உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும்.