மரை கழண்டுடுச்சா பாஸ்?

'அவனுக்கு மரை கழண்டுடுச்சுடா!' கேன்டீன்ல யாரையாவது இப்படிக் கலாய்க்காம ஒரு நாள் போகுமா? ஆனா நிஜமாவே மரை கழண்டுபோய், கண்டுக்காம விட்டா உங்க விரலையே பதம் பார்க்கிற ஐட்டம் ஒண்ணு உங்க மேஜை டிராயர்லயே இருக்கலாம். வேற எது? மடக்குக் கத்திதான்!

கூரியர் பார்சலைப் பிரிக்கணுமா, ப்ராஜெக்ட்டுக்கு தெர்மோகோல் வெட்டணுமா, ஒயர் சீவணுமா, ராத்திரி பத்து மணிக்கு ஆப்பிள் நறுக்கணுமா... எல்லாத்துக்கும் கத்தியைத் தேடுவோம். ஆனா அதோட ஸ்க்ரூவை ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருக்கோமா?

எங்கே இருக்கு அந்த ஸ்க்ரூ?

உங்க கத்தியை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. பிளேடு மடங்குற இடத்துல கொஞ்சம் பெரிசா ஒண்ணு இருக்கும். அதுதான் பிவட் ஸ்க்ரூ, கத்திக்கு மூட்டு மாதிரி. கைப்பிடியைச் சுத்தி இருக்கிற குட்டிக் குட்டி ஸ்க்ரூக்கள் ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும். பாக்கெட்ல மாட்டுற கிளிப்புக்குத் தனியா ரெண்டு மூணு. முதல்ல காணாமப் போறது பெரும்பாலும் இந்தக் கிளிப் ஸ்க்ரூதான்.

'என்னோடது சிவப்புக் கலர் சுவிஸ் நைஃப், அதுல ஸ்க்ரூவே இல்லையே'ங்கிறீங்களா? கரெக்ட். அது ரிவெட் அடிச்சுச் சேர்த்தது. இதுல ஒரு வேடிக்கை உண்டு. சுவிஸ் ராணுவம் 1890 மாடல் கத்தியில ஸ்க்ரூ டிரைவரையும் சேர்த்ததுக்குக் காரணமே, வீரர்கள் தங்களோட துப்பாக்கியைப் பிரிக்கணும்கிறதுதான். ஊரு ஸ்க்ரூவையெல்லாம் கழட்டப் பிறந்த கத்திக்கு, சொந்தமா ஒரு ஸ்க்ரூ கிடையாது!

ஏன் கழலுது?

கெர்ஹார்டு யுங்கர்னு ஒரு ஜெர்மன் இன்ஜினீயர் 1969ல இதைச் சோதனை பண்ணிக் காட்டினார். ஸ்க்ரூவை அதோட நீளவாக்குல இழுக்கிறதைவிட, குறுக்குவாக்குல திரும்பத் திரும்ப அசைக்கிறதுதான் அதைச் சீக்கிரம் கழட்டுது. ஒவ்வொரு அசைவிலும் மரைகள் கொஞ்சூண்டு வழுக்கும். பிடிப்பு போகும். அப்புறம் தானாகவே சுத்தும். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு 'யுங்கர் டெஸ்ட்'னா தெரியும்.

உங்க கத்தியிலும் இதே கதைதான். சும்மா உட்கார்ந்து பிளேடைத் திறந்து திறந்து மூடுறீங்களே, அந்த ஒவ்வொரு 'க்ளிக்'குக்கும் பிவட் ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமா ஆட்டம் காணும்.

எந்தப் பக்கம் ஆடுது?

இதுதான் ரொம்ப முக்கியம். பிளேடைத் திறந்து, முனையைத் தொடாம, முதுகுப் பக்கம் பிடிச்சு மெதுவா அசைச்சுப் பாருங்க.

இடது வலதா ஆடினா பிவட் ஸ்க்ரூ லூஸ்னு அர்த்தம். டைட் பண்ணினா சரியாகும்.

மேலும் கீழுமா ஆடினா பிரச்னை ஸ்க்ரூவுல இல்ல, லாக்குல. அது தேய்ஞ்சிருக்கலாம், இல்லேன்னா அழுக்கு அடைச்சிருக்கலாம். சுத்தம் பண்ணியும் ஆடினா, அந்தக் கத்திக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்துடுங்க. அழுத்தி வெட்டும்போது லாக் விட்டுச்சுன்னா, பிளேடு மடங்குறது நேரா உங்க விரல் மேலதான். ஆப்பிளுக்காக விரலைக் கொடுக்கணுமா?

'ஸ்டார்'னா எந்த ஸ்டார்?

ஹார்டுவேர் கடையில போய் 'ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்' கேட்டா, கூட்டல் குறி போட்ட பிலிப்ஸைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. இப்ப வர்ற பல கத்திகள்ல இருக்கிறது ஆறு முனை நட்சத்திரம். பேரு டார்க்ஸ். 1967ல அமெரிக்காவில் உருவாக்கினது. அழுத்தித் திருகினாலும் டிரைவர் வழுக்காம நிக்கும் என்பதுதான் இதோட ஸ்பெஷல்.

கத்திகள்ல அதிகமா வர்ற சைஸ் டி6, டி8. ரெண்டுமே கிடைக்கலையா? மொபைல், லேப்டாப் சர்வீஸ் பண்ற நண்பரைப் பிடிங்க. ஹார்டு டிஸ்க் மூடியிலயும் டார்க்ஸ் ஸ்க்ரூதான் இருக்கும். அதனால அவர்கிட்ட செட்டே இருக்கும். டி8 ஓட்டையில டி6-ஐ விட்டுத் திருகுற வேலை மட்டும் வேண்டாம். தலை மழுங்கிடும்.

டைட் பண்ணலாம் வாங்க!

* மேஜை மேல வெள்ளைத் துணி ஒண்ணை விரிங்க. குட்டி ஸ்க்ரூ உருண்டு ஓடாது, விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

* பிளேடு மேல செலோ டேப்பை நாலு சுத்து சுத்துங்க. ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம்.

* வலப்பக்கம் சுத்தினா டைட், இடப்பக்கம் சுத்தினா லூஸ். ஒரு தடவைக்கு ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு போதும். சுத்துங்க, திறந்து மூடிப் பாருங்க, மறுபடி சுத்துங்க. ஆட்டம் நின்னு, பிளேடும் ஈஸியா மடங்குதா? அங்கேயே நிறுத்துங்க.

* ஸ்க்ரூ சும்மா சுத்திக்கிட்டே இருக்கா? பின்பக்கமும் சேர்ந்து சுத்துதுன்னு அர்த்தம். ரெண்டு டிரைவரால ரெண்டு பக்கமும் பிடிங்க.

புரொபசர் தந்த சொட்டு மருந்து

டைட் பண்ணி ஒரே வாரத்துல மறுபடி கழலுதா? அதுக்கும் மருந்து இருக்கு. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து டிரினிட்டி கல்லூரியில கெமிஸ்ட்ரி புரொபசரா இருந்தவர் வெர்னான் க்ரீபிள். அவர் 1953ல ஒரு திரவத்தை உருவாக்கினார். காத்து படுற வரைக்கும் தண்ணியா இருக்கும். காத்து போகாத மரைக்குள்ள உலோகத்தோட மாட்டிக்கிட்டா இறுகிடும். அதுதான் லாக்டைட். இன்னிக்கும் அந்த பாட்டிலை வாய் வரைக்கும் நிரப்ப மாட்டாங்க. உள்ளே காத்து இருந்தாத்தான் இறுகாம இருக்கும்!

கத்திக்கு நீலக் கலர்தான் சரி. வேணும்போது கையாலேயே கழட்டலாம். சிவப்பு வேண்டவே வேண்டாம், அதைக் கழட்ட நல்லா சூடு பண்ணணும். ஸ்க்ரூவை சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல துடைச்சு, எண்ணெய்ப் பசை போனதும், குண்டூசி முனையளவு தொட்டு மரையில வைங்க. தாராளமா ஊத்தினா உள்ளே வழிஞ்சு பிளேடையே ஒட்டிடும். முழுசா இறுக 24 மணி நேரம் விடுங்க. சில பிளாஸ்டிக்குகள் இது பட்டா விரிசல் விடும், அதனால பிளாஸ்டிக் கைப்பிடி மேல படாம பார்த்துக்குங்க. அவசரத்துக்குத் தங்கச்சியோட நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வெச்சாலும் ஓரளவு நிக்கும் (அனுமதி வாங்கிட்டு!). ஃபெவிக்விக் மட்டும் கூடவே கூடாது.

ஸ்க்ரூ தொலைஞ்சா?

'பார்க்க ஒரே மாதிரி இருக்கே'ன்னு கையில கிடைச்சதைப் போட்டுத் திருகாதீங்க. மரையில ரெண்டு ஜாதி உண்டு. மில்லிமீட்டர் கணக்குல வர்ற எம்2, எம்2.5, எம்3 ஒண்ணு. அங்குலக் கணக்குல வர்ற அமெரிக்க மரை இன்னொண்ணு. அமெரிக்க 4-40 ஸ்க்ரூவோட விட்டம் 2.84 மி.மீ. கிட்டத்தட்ட எம்3 மாதிரியே தெரியும். ஆனா எம்3 மரையோட இடைவெளி 0.5 மி.மீ., இதுக்கோ 0.635 மி.மீ. பலவந்தமா திருகினா, ஸ்க்ரூவோட கைப்பிடியில இருக்கிற மரையும் காலி. அதனால மிச்சமிருக்கிற ஸ்க்ரூ ஒண்ணைக் கழட்டி எடுத்துட்டுப் போய், கடையில பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. புது ஸ்க்ரூ முதல் ரெண்டு சுற்று விரலாலேயே ஏறணும். ஏறலைன்னா அது உங்க சைஸ் இல்லை.

தலை மழுங்கிக் கழலவே மாட்டேங்குதா? ரப்பர் பேண்டை நடுவுல வெச்சு அழுத்தித் திருகிப் பாருங்க. பழைய லாக்டைட் பிடிச்சிருந்தா, இ.சி.இ. நண்பரோட சால்டரிங் அயர்ன் முனையைக் கொஞ்ச நேரம் ஸ்க்ரூ தலையில வைங்க. பசை இளகும். பிளாஸ்டிக் கைப்பிடின்னா இந்த வித்தை வேண்டாம்.

கடைசியா ரெண்டு வார்த்தை

மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகச் சிக்குப் பிடிக்கும். பழம் நறுக்குற கத்தின்னா, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற லிக்விட் பாரஃபின் பெஸ்ட். வாரன்டி இருந்தா, முழுசாப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அட்டையைப் படிச்சுடுங்க. சில கம்பெனிகள் பிரிச்சா வாரன்டி தராது.

முக்கியமா, கத்தியை ரூமோட நிறுத்திக்குங்க. உங்க ஹாஸ்டல் விதி அனுமதிக்குதான்னு முதல்ல கேளுங்க. பரீட்சை ஹாலுக்கோ, விமானத்துல கைப்பையிலயோ கொண்டு போனா, அப்புறம் கழலப் போறது கத்தியோட மரை மட்டும் இல்லை!

மாசத்துக்கு ஒரு தடவை, அஞ்சே நிமிஷம். ஞாயித்துக்கிழமை துணி ஊற வெச்சிருக்கிற நேரத்துல முடிச்சுடலாம். என்ன பாஸ், ஸ்க்ரூ டிரைவர் எடுத்தாச்சா?