ஒளிச்சுழி

பூவிருந்தவல்லிக்கு அணித்தே உள்ள செம்பரம்பாக்கம் ஏரி போன்ற பேரேரிகளில், மதகு திறந்ததும் அதன் வாயருகே நீர் வட்டமிட்டுச் சுழல்வதுண்டு. சுழியின் நடுவே குழி விழும். அக்குழியில் நீர் இராது. ஒளியிலும் இத்தகைய சுழி உண்டு என்றால் வியப்பாக இருக்குமன்றோ?

ஒளி அலை வடிவினது. லேசர்க் கற்றையின் அலைமுகத்தைத் திருகாணியின் புரிபோல் முறுக்கிவிட்டால், அது முறுக்கியவாறே முன்செல்லும். நட்ட நடுவில் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அவ்விடம் இருண்டிருக்கும். திரையில் வீழ்த்தினால் வளையல் போன்ற ஒளிவட்டமே தோன்றும். இதுவே ஒளிச்சுழி.

எந்த ஒளிக்கற்றையும் செல்லச் செல்ல விரியும் இயல்புடையது. விரியாமலும் செல்லுமோ? 1834ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்னும் பொறியாளர், ஸ்காட்லாந்து நாட்டுக் கால்வாய் ஒன்றில் விரைந்து சென்ற படகு சட்டென நிற்கவும், அதன் முன்னிருந்த நீர்த்திரள் மட்டும் உருக்குலையாது ஓடக் கண்டார். குதிரைமீது அமர்ந்து மைல் கணக்கில் அதனைப் பின்தொடர்ந்தார்! பரவும் இயல்பும் திரளும் இயல்பும் துலாத்தட்டுகள்போல் சமனுற்றால் இத்தகைய தனியலை பிறக்கும். 1965ஆம் ஆண்டில் அறிஞர் இதற்குச் 'சாலிட்டான்' என்று பெயரிட்டனர். ஒளியிழைகளில் ஓடும் தனியலைகள் மோதுங்கால் ஆற்றலைத் தம்முள் பங்கிட்டுக்கொள்ளும் விந்தையைத் திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்து லட்சுமணன் முதலியோர் 1997இல் கணித்துக் காட்டினர்.

சில படிகங்களில் ஒளி மிக்க இடத்தில் ஒளிவிலகல் எண் உயரும். ஆதலின் கற்றை தனக்குத் தானே ஒரு குவிவில்லையை அமைத்துக்கொண்டு விரியாது செல்லும். சுழிக்கோ இதுவே பகையாக முடிகிறது. வளையத்தில் ஓரிடம் சற்றே ஒளி மிகுந்திருப்பின், அது அயலிலுள்ள ஒளியையும் தன்பால் ஈர்த்து மேலும் செறியும். வளையம் துண்டுபடும். துண்டுகள் கவணினின்று விடுபட்ட கற்கள்போல் விலகியோடும்.

இதற்குத் தீர்வு யாது? மார்கழி விடியலில் அம்பத்தூர்த் தெருக்களில் மகளிர் இடும் புள்ளிக்கோலத்தை எண்ணிப் பார்க்கலாம். ஸ்ட்ரான்சியம் பேரியம் நையோபேட் என்னும் படிகத்துள் ஒளிக்கற்றைகளை ஒன்றோடொன்று குறுக்கிடச் செய்தால், அத்தகைய புள்ளிவரிசை ஒளியாலேயே அமையும். அதுவே ஒளிப்பின்னல். ஒவ்வொரு புள்ளியும் ஒளியைத் தன்னுள் நிறுத்தும் சிறு குழாய்போல் பயன்படும். இப்பின்னலுள் சுழியைச் செலுத்தி 2004ஆம் ஆண்டில் இரு குழுவினர் தனித்தனியே ஆய்ந்தனர். வளையம் நான்கு புள்ளிகளில் நான்கு ஒளித்திரள்களாய் அமர்ந்தது. ஒவ்வொரு திரளும் அடுத்ததற்குக் கால் அலை பிந்தியது. நான்கையும் சுற்றி வருங்கால் ஓர் அலை முழுமையுற்றது. வளையம் நான்காகியும் சுழற்சி அழியவில்லை!

ஒளி ஒரு புள்ளியினின்று மற்றொன்றுக்கு எளிதில் வழுவ இயலாமையே இதன் காரணம். சிறிதளவே கசிந்து சென்று, நான்கையும் இசைவில் நிறுத்துகிறது. பின்னல் வலுவற்றிருப்பின் இக்காவல் தளரும். சுழியும் முன்போலவே சிதறும்.