மெட்டில்லாப் பாடல்களும் டோல்கீன் வாசகர்களும்

1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக லண்டனில் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்னும் நாவலில் அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்களும் செய்யுள்களும் இடம்பெறுகின்றன. வழிநடையில் பாடுபவை, குளிக்கும்போது பாடுபவை, மதுச்சாலை மேசைமீது ஏறிநின்று பாடுபவை, மாண்டவருக்கான இரங்கற்பாக்கள், ஆசிரியரே உருவாக்கிய மொழிகளில் அமைந்த துதிகள் என அவை பலவகைப்படும். அவற்றுள் ஒன்றுக்கும் நூலில் மெட்டு இல்லை. பாடியவர் யார், பாடிய இடம் எது, கேட்டவர்கள் எப்படி உருகினார்கள் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்லும் ஆசிரியர், இசையை மட்டும் வாசகரின் செவிக்கு விட்டுவிட்டார். அந்த நூலைச் சுற்றி எழுபது ஆண்டுகளாக வளர்ந்துள்ள ஓவியம், இசை, கூட்டங்கள், விழாக்கள் ஆகியவற்றைப் புரிந்துகொள்ள, நூல் சொல்லாமல் விட்ட இத்தகைய இடங்களிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

நூலாசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலமும் இடைக்கால இலக்கியமும் கற்பித்த பேராசிரியர். நடப்புலகின் விதிகளுக்குக் கட்டுப்படாத வேறோர் உலகை, அதற்கே உரிய வரலாறு, நிலவியல், மக்களினங்கள் ஆகியவற்றோடு படைத்துக்காட்டும் எழுத்தை மிகுபுனைவு அல்லது ஃபேன்டஸி என்பர். டோல்கீன் முதலில் மொழிகளைப் படைத்தார். அம்மொழிகளைப் பேசுவதற்கு மக்கள் வேண்டியிருந்ததால் கதைகளையும் படைத்தார். 1951ஆம் ஆண்டளவில் மில்டன் வால்ட்மன் என்ற பதிப்பாசிரியருக்கு எழுதிய நீண்ட கடிதம் ஒன்றில், தம் கதைத்தொகுதியின் சில பகுதிகளை முழுமையாக எழுதிவிட்டுப் பலவற்றைக் கோட்டுருவாகவே விட்டுவைக்க ஒரு காலத்தில் எண்ணியதாகவும், ஓவியம், இசை, நாடகம் ஆகியவற்றில் வல்ல பிறர் வந்து அவற்றை நிரப்ப இடமளிக்க விரும்பியதாகவும் அவர் குறிப்பிட்டார். குறிப்பிட்ட கையோடு அந்த எண்ணத்தை நகைக்கத்தக்கது என்று தாமே தள்ளியும் விட்டார். பிற்கால வாசகர்கள் அந்த நகைப்பைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

படம் வரைவது குறித்து டோல்கீனின் நிலைப்பாடு அத்தனை நேரானதன்று. 1937இல் வெளியான 'தி ஹாபிட்' என்னும் சிறுவர் நாவலுக்கு மேலட்டையும் உட்படங்களும் நிலப்படங்களும் வரைந்தவர் அவரே. எனினும் தேவதைக் கதைகள் பற்றி 1939இல் ஆற்றிப் பின்னர் விரித்தெழுதிய உரையில், ஓவியம் எவ்வளவு சிறந்ததாயினும் அத்தகைய கதைகளுக்கு அதனால் பெரிய நன்மை இல்லை என்று அவர் வாதிட்டார். கதையில் ஒரு மலை என்று படிக்கும்போது ஒவ்வொரு வாசகரும் தாம் கண்ட மலைகளையெல்லாம் கூட்டித் தமக்கென ஒரு மலையை எழுப்பிக்கொள்கிறார் என்பதும், படமோ ஒரே மலையை எல்லோர்மீதும் திணித்துவிடுகிறது என்பதும் அந்த வாதத்தின் சாரம். கையில் தூரிகையோடு இருந்த ஒருவரே இதைச் சொன்னார் என்பதால் அதன் கனம் கூடுகிறது.

அவரது அச்சம் வீண்போகவில்லை. 1965இல் அமெரிக்காவின் பாலன்டைன் நிறுவனம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகளுக்கு அட்டை வரைந்த பார்பரா ரெமிங்டன், நூலைப் படிப்பதற்கு அவகாசம் இல்லாமலே வரைய நேர்ந்ததால், 'தி ஹாபிட்' அட்டையில் சிங்கமும் ஈமு பறவைகளும் கதையில் எங்கும் இல்லாத பழம் தொங்கும் மரமும் தோன்றின. டோல்கீன் எரிச்சலுற்றுக் கடிதம் எழுதினார். சிங்கம் மட்டும் பின்னர் நீக்கப்பட்டது. ஆயினும் அந்த அட்டைகளே சுவரொட்டிகளாகி அக்கால அமெரிக்க மாணவர் விடுதி அறைகளை அலங்கரித்தன. 'மூமின்' கதைகளால் புகழ்பெற்ற ஃபின்லாந்து ஓவியர் டூவே யான்சன் 'தி ஹாபிட்' நாவலின் 1962ஆம் ஆண்டு சுவீடியப் பதிப்புக்கு வரைந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. நிலத்தடி ஏரியில் வாழும் கோல்லம் என்னும் பாத்திரத்தின் உயரம் மூலத்தில் சொல்லப்படாததால் அவர் அதை ஒரு ராட்சத உருவமாக வரைந்துவிட்டார். பின்னர் வந்த திருத்தப் பதிப்பில் டோல்கீன் அப்பாத்திரத்துக்குச் 'சிறிய' என்ற அடைமொழியைச் சேர்த்தார். ஓவியம் மூலநூலைத் திருத்தவைத்த அரிய நிகழ்வு இது.

அவருக்குப் பிடித்த ஓவியர்களும் இருந்தனர். பாலின் பெய்ன்ஸ் அவர்களுள் முதன்மையானவர். மிடில் எர்த் என்னும் அந்தக் கற்பனை உலகுக்கு 1970இல் அவர் வரைந்த வண்ண நிலப்படம் இன்றும் வாசகர் வீடுகளில் தொங்குகிறது. டென்மார்க்கின் இளவரசியாக இருந்து 1972இல் அரசியான மார்கரேத்தா, தாம் வரைந்த கோட்டோவியங்களை டோல்கீனுக்கு அனுப்பினார். அவை தம் சொந்தப் பாணியை ஒத்திருப்பது கண்டு டோல்கீன் வியந்தார். இங்காஹில்ட் கிராத்மர் என்ற புனைபெயரில் அப்படங்கள், ஆங்கில ஓவியர் எரிக் ஃபிரேசரின் கைவண்ணத்தில் மறுவரைவு பெற்று, 1977இல் ஃபோலியோ சொசைட்டியின் சிறப்புப் பதிப்பில் வெளிவந்தன. கனடாவைச் சேர்ந்த டெட் நாஸ்மித் பதின்வயதில் தம் ஓவியங்களின் நிழற்படங்களை டோல்கீனுக்கு அனுப்பிப் பதிலும் பெற்றார். பிற்காலத்தில் அவர் வரைந்த நாட்காட்டிப் படங்கள் ஒரு தலைமுறையின் கண்களில் பதிந்தன. ரசிகர் என்ற நிலைக்கும் தொழில்முறை ஓவியர் என்ற நிலைக்கும் நடுவே இவ்வட்டத்தில் கதவு எப்போதும் திறந்தே இருந்துவந்திருக்கிறது.

வாசகர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. நெருப்பும் இருளும் சேர்ந்த பால்ரோக் என்னும் பூதத்தை விவரிக்கும் ஆசிரியர், அதைச் சூழ்ந்த நிழல் சிறகுகளைப் போல விரிந்தது என்று முதலில் உவமையாகச் சொல்லி, சில வரிகள் கழித்துச் சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று நேராகவே சொல்லிவிடுகிறார். இரண்டாவது கூற்று உவமையின் தொடர்ச்சியா, உண்மைச் சிறகா என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. படிப்பவர் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். வரைபவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆலன் லீ, ஜான் ஹவ் என்னும் இரு ஓவியர்களையும் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இந்நாவலைத் தழுவிய தம் திரைப்படங்களின் (2001–2003) காட்சி வடிவமைப்புக்கு அழைத்துச் சென்ற பிறகு, இத்தகைய தேர்வுகள் பலவும் உலகத்துக்கே பொதுவாகிவிட்டன. படங்களுக்குப் பின் வரையப்பட்ட ரசிகர் ஓவியங்களில் பெரும்பகுதி, பாத்திரங்களுக்கு அந்த நடிகர்களின் முகங்களையே தந்தது. திணிப்பு பற்றி டோல்கீன் தம் உரையில் சொன்னது திரையில் மெய்யானது எனலாம். திரை தொடாத முற்காலக் கதைகளான 'தி சில்மரில்லியன்' தொகுதியை நோக்கி ஓவியர் பலர் நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

இசையின் கதை வேறு. நகைச்சுவைப் பாடல் மேடைகளில் புகழ்பெற்றிருந்த டொனால்ட் ஸ்வான் 1965இல் டோல்கீனின் பாடல்கள் ஆறுக்கு மெட்டமைத்து அவரிடமே வாசித்துக் காட்டினார். ஐந்தை ஏற்றுக்கொண்ட டோல்கீன், தாம் படைத்த குவென்யா மொழியில் அமைந்த 'நமாரியே' என்னும் பிரிவுப் பாடலுக்கு மட்டும் தம் உள்ளத்தில் வேறோர் ஓசை இருப்பதாகக் கூறி, அதை முனகியும் காட்டினார். கத்தோலிக்க மடங்களில் துணைக்கருவி இல்லாமல் ஒற்றைக் குரலோட்டமாக ஓதப்படும் கிரிகோரியன் பண்ணைச் சார்ந்தது அது; ஸ்வான் அதையே வைத்துக்கொண்டார். 'த ரோட் கோஸ் எவர் ஆன்' என்ற பெயரில் 1967இல் இசைக்குறிப்பு நூலும் இசைத்தட்டும் வெளிவந்தன. ஆசிரியரின் வாயிலிருந்தே வந்த மெட்டு ஒன்று கிடைத்துவிட்டதால் மற்றவர்கள் அப்பாடலைத் தொடத் தயங்கியிருக்கலாம், அவ்வாறு நடக்கவில்லை.

சுவீடனின் போ ஹான்சன் 1970இல் சொற்களே இல்லாமல் ஆர்கன் இசையால் நாவலைச் சொல்ல முயன்றார். நெதர்லாந்தின் யோஹான் டெ மெய் காற்றுக்கருவிக் குழுவுக்கென எழுதிய முதல் சிம்பொனி 1988இல் பிரசல்ஸில் அரங்கேறி, இன்று உலகெங்கும் பள்ளி, கல்லூரி இசைக்குழுக்களின் வழக்கமான உருப்படியாகியிருக்கிறது. ஜெர்மனியின் 'பிளைண்ட் கார்டியன்', ஆஸ்திரியாவின் 'சம்மனிங்' போன்ற மெட்டல் குழுக்கள் மின்கிதாரின் உறுமலோடு அதே உலகத்துக்குள் நுழைந்தன. இவற்றுக்கிடையில் விடாமுயற்சியால் தனித்து நிற்பது 1995இல் டென்மார்க்கில் காஸ்பர் ரைஃப், பீட்டர் ஹால் ஆகியோர் தொடங்கிய 'டோல்கீன் ஆன்சாம்பிள்'. நாவலிலுள்ள பாடல்கள் அனைத்துக்கும் மெட்டமைப்பது என்று முடிவெடுத்து, 1997க்கும் 2005க்கும் இடையே நான்கு இசைத்தட்டுகளில் அதை நிறைவேற்றினர். அட்டைகளுக்கு அரசி மார்கரேத்தாவின் ஓவியங்கள் அமைந்தன. திரைப்படத்தில் சாருமானாக நடித்தவரும் நூலில் தோய்ந்த வாசகருமான கிறிஸ்டஃபர் லீ பிற்பகுதியில் குரல் தந்தார்.

தமிழ் வாசகர்கள் அவ்வளவாக அறியாத அத்தியாயம் ஒன்று இங்கே வருகிறது. 2006இல் கனடாவின் டொரண்டோ நகரிலும், சுருக்கித் திருத்திய வடிவில் 2007இல் லண்டனின் டுரூரி லேன் அரங்கிலும் அரங்கேறிய இந்நாவலின் இசைநாடகத்துக்கு இசையமைத்தவர்கள் ஏ. ஆர். ரகுமான், ஃபின்லாந்தின் 'வார்த்தினா' நாட்டுப்புற இசைக்குழு, கிறிஸ்டஃபர் நைட்டிங்கேல் ஆகியோர். குவென்யா மொழியின் ஓசையமைப்புக்கு டோல்கீன் ஃபின்னிஷ் மொழியிலிருந்தே ஊக்கம் பெற்றார் என்பதால் வார்த்தினாவைச் சேர்த்தது வெறும் விளம்பர உத்தியன்று. மேல்நாட்டு இசைநாடகத்தின் பழகிய தடத்தை விட்டு விலகி, எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒலியை அந்தக் கூட்டணி தேடியது. மூன்று மணி நேரத்தைத் தாண்டிய டொரண்டோ அரங்கேற்றம் விமர்சகர்களைக் கவரவில்லை. அது ஓராண்டைக்கூட எட்டாமல் நின்றது, லண்டன் அரங்கேற்றமும் 2008 ஜூலையில் முடிந்தது. பெரும் செலவில் சுழன்றெழும் மேடை இயந்திரங்களே இசையை அமுக்கிவிட்டன என்று எண்ண இடமுண்டு; ஏனெனில் 2023இல் இங்கிலாந்தின் வாட்டர்மில் என்னும் சிற்றரங்கில், நடிகர்களே கருவிகளை வாசித்தபடி தோட்டத்திலும் உள்ளரங்கிலுமாக நடத்திய மறு அரங்கேற்றம் நல்ல வரவேற்பைப் பெற்றது.

இவற்றையெல்லாம் தாங்கும் அடித்தளம் வாசகர் வட்டங்கள். 1965இல் ஏஸ் புக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் டோல்கீனின் ஒப்புதல் பெறாமல் மலிவுப் பதிப்பு வெளியிட்டபோது, வாசகர்கள் அதைக் கண்டித்துப் பேசியது அந்நிறுவனம் பின்னர் அவருக்கு உரிமத்தொகை தர நேர்ந்ததற்கு ஒரு காரணம். அதே ஆண்டில் ரிச்சர்ட் பிளாட்ஸ் என்ற மாணவர் நியூயார்க்கில் முதல் அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கினார். 1967இல் கலிஃபோர்னியாவில் கிளென் குட்நைட் நிறுவிய 'மித்தோபோயிக் சொசைட்டி' 1972இல் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதன் மாநாட்டில் காலையில் ஆய்வுக்கட்டுரைகள் வாசிக்கப்படுகின்றன. இரவு விருந்தில் தட்டில் மிஞ்சிய உணவைக் கொண்டே கதைக்காட்சிகளைச் சிற்பமாக்கும் போட்டி நடக்கிறது. புலமையும் விளையாட்டும் ஒரே கூரையின்கீழ் இப்படி ஒன்றையொன்று வெட்கப்படுத்தாமல் இருப்பது கல்வித்துறைக் கருத்தரங்குகளில் காணக் கிடைப்பதில்லை.

பிரிட்டனில் 1969இல் 'டோல்கீன் சொசைட்டி'யைத் தொடங்கிய வேரா சாப்மன் அப்போது எழுபது வயதைக் கடந்திருந்தார். 1972இல் டோல்கீன் அதன் கௌரவத் தலைவரானார். அவர் இறந்த பின்னும் அப்பதவி அவருக்கே உரியதாக வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளூர்க் கிளைகள் 'ஸ்மயல்' எனப்படுகின்றன. நூலில் குள்ளர்களான ஹாபிட்டுகள் வாழும் நிலத்தடி வீட்டுக்கு அதுவே பெயர். 1974 முதல் ஆண்டுதோறும், கதைமாந்தர் பில்போ, ஃப்ரோடோ இருவரின் பிறந்தநாளான செப்டம்பர் 22ஐ ஒட்டி ஆக்ஸ்ஃபோர்டில் 'ஆக்சன்மூட்' கூடுகிறது. உரைகள், ஓவியக் கண்காட்சி, வேடமணிந்த அணிவகுப்பு, உறுப்பினர்களே பாடியும் நடித்தும் நடத்தும் மாலை நிகழ்ச்சி ஆகியவற்றுக்குப் பின், ஞாயிறன்று உல்வர்கோட் கல்லறைத் தோட்டத்தில் டோல்கீனும் மனைவி ஈடித்தும் உறங்கும் இடத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். டோல்கீனின் பிறந்தநாளான ஜனவரி 3ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்கு அவரவர் ஊரில் 'பேராசிரியர்' என்று சொல்லிக் குவளை உயர்த்தும் வழக்கமும் இச்சங்கம் பரப்பியதே.

இதே நூல் பிற மண்ணில் வேறு முகங்களைக் காட்டியது. சோவியத் ஒன்றியத்தில் முழு மொழிபெயர்ப்பு அச்சேறும் முன்பே தட்டச்சுப் பிரதிகள் கைமாறிப் படிக்கப்பட்டன. 1990இல் சைபீரியாவின் க்ராஸ்னோயார்ஸ்க் அருகே மரவாள்களும் தைத்த அங்கிகளுமாகக் காட்டில் கூடி இளைஞர்கள் கதையை நடித்து வாழ்ந்த 'ஹாபிட் விளையாட்டுகள்' அங்கே ஒரு பெரும் மரபைத் தொடங்கிவைத்தன. இரவுகளில் கிதாரோடு பாடும் ருசியப் பாணர் மரபு அதில் எளிதாகக் கலந்தது. இத்தாலியில் நடந்தது நெருடலானது. 1977இல் மோன்டெசார்க்கியோவில் நடைபெற்ற 'ஹாபிட் முகாம்' நவபாசிசக் கட்சியொன்றின் இளைஞர் அணி நடத்திய அரசியல், இசை விழா. அமெரிக்காவில் போர் எதிர்ப்பு மாணவர்கள் சட்டையில் குத்திக்கொண்ட பெயர்கள் வந்த அதே நூலிலிருந்தே இங்கே வலதுசாரிப் பாடகர்கள் தங்களுக்குப் பெயர் தேடிக்கொண்டனர். விடப்பட்ட இடத்தில் யார் வந்து அமர்வார் என்பதை ஆசிரியரால் தீர்மானிக்க முடிவதில்லை.

சட்டம் மட்டும் ஓரளவு தீர்மானிக்கிறது. பாடல்வரிகளுக்கு மெட்டமைத்து வெளியிட விரும்புவோர் டோல்கீனின் பதிப்புரிமையைக் கையாளும் குடும்ப அமைப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதால், மெட்டல் குழுக்கள் பலவும் சொந்த வரிகளை எழுதிக்கொள்கின்றன. விழா மாலைகளில் பிறந்த மெட்டுகள் பலவும் அந்த அரங்கைத் தாண்டுவதில்லை. பிரிட்டனில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டுகள் நீடிப்பதால் அது 2043 இறுதிவரை தொடரும். கனடாவில் 2024 ஜனவரியிலேயே முடிந்திருக்க வேண்டியது, 2022 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தால் மேலும் இருபது ஆண்டுகள் தள்ளிப்போனது. இந்தியச் சட்டம் அறுபது ஆண்டுகளே தருகிறது. ஆகவே 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பாடல்களுக்குச் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் ஒருவர் மெட்டமைத்து இந்தியாவில் வெளியிட 2034 ஜனவரி 1 முதல் யாருடைய அனுமதியும் தேவைப்படாது. ஆசிரியர் மறைந்த பின் 1977இல் வெளியான 'தி சில்மரில்லியன்' தொகுதிக்கு மட்டும் வெளியான ஆண்டிலிருந்து கணக்கிட வேண்டியிருப்பதால், அதற்கு 2037 முடியும்வரை காத்திருக்க வேண்டும்.