நகரும் ஊர்தியும் தெறிக்கும் அலையும்: ஆரோக்கியசாமி பால்ராஜின் ஆய்வை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

இலண்டனில் பேருந்தில் சென்றோர், அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கி முன்கூட்டியே அறிவிப்பதைக் கேட்டிருப்பர். 'ஐபஸ்' என்னும் பெயரால் 2009ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 8,000 பேருந்துகளில் பொருத்தி முடிக்கப்பட்ட ஏற்பாடு அது. அவ்வேற்பாட்டுக்குப் பயணிகள் அறியாத மற்றொரு பணியும் உண்டு. பேருந்து ஒரு சந்திப்பை நெருங்குகையில், தன் வருகையைச் சிறியதொரு வானலைச் செய்தியாகச் சந்திப்பு விளக்குகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டி, இயலுமாயின், பச்சை விளக்கைச் சில நொடிகள் நீட்டித்து வழிவிடுகிறது.

இந்நிகழ்ச்சியை நாம் அன்றாடம் பேசும் தமிழில் கூறினால், "பேருந்து சிக்னலுக்குச் சிக்னல் அனுப்புகிறது" என்றாகும். இலங்கை வழக்கிலோ அது "சமிக்ஞைக்குச் சமிக்ஞை" என்றாகும். முதற் சொல் கம்பத்தில் எரியும் விளக்கைக் குறிக்கிறது. இரண்டாம் சொல் அலைமேல் ஏறிச் செல்லும் செய்தியைக் குறிக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் அறிவியல் நூலில் மட்டுமன்றிச் சாலையிலும் பொருள் மயங்குகிறது.

இக்கட்டுரைக்கு இரு நோக்கங்கள் உண்டு. கம்பியில்லா ஊர்தித் தொடர்பின் அடிப்படைகளை, பொறியியற் பேராசிரியர் ஆரோக்கியசாமி பால்ராஜின் ஆய்வு வழியே விளக்குவது முதலாவது. அவ்விளக்கத்துக்குத் தமிழ்நாட்டு வழக்கும் ஈழத்து வழக்கும் தரும் சொற்களுள் எவை பொருந்துவன என ஆராய்வது இரண்டாவது. சொல் தெளிவடையும் இடத்தில் பொருளும் தெளிவடையும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. கடலில் தொடங்கிய ஆய்வு

பால்ராஜ் 1944ஆம் ஆண்டு பொள்ளாச்சியில் பிறந்தவர். இளமையிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். கடற்படைப் பணியில் இருந்தவாறே தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு செய்து 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். 1971ஆம் ஆண்டுப் போரில், டிசம்பர் 9ஆம் நாள், இந்தியப் போர்க்கப்பல் 'குக்ரி' நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தாக்குதலால் மூழ்கியது. நீருக்கடியில் வரும் பகையை ஒலியலையால் கண்டறியும் சோனார் கருவியின் தேவை அதன்பின் நன்கு உணரப்பட்டது. கப்பல்களில் அந்நாளில் இருந்த சோனாரைத் திருத்தியமைக்கும் பணியில் பால்ராஜ் ஈடுபட்டார். 1974-75இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டார். நாடு திரும்பியபின் 'அப்சோ' என்னும் சோனாரின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கினார்.

சோனார் ஆய்வு அவருக்குக் கற்பித்த பாடம் நம் பொருளுக்கு இன்றியமையாதது. கடலில் ஓர் ஒலி நேராக மட்டும் வருவதில்லை. நீர்ப்பரப்பில் மோதியும் கடற்படுகையில் மோதியும் அதன் படிகள் பல, சற்றுக் காலந்தாழ்த்தி வந்து சேர்கின்றன. ஒரே செவியால் கேட்டால் அவை வெறுங்குழப்பமே. ஒலியுணரிகள் பலவற்றை வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றிலும் அலை வந்து சேரும் நேரத்தின் நுண்ணிய வேறுபாட்டைக் கணித்தால், எத்திசையிலிருந்து எப்படி வந்தது எனப் பிரித்தறியலாம். இதனை அணிக் குறிகைச் செயலாக்கம் எனலாம்.

கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்ற பால்ராஜ், இதே சிந்தனையை வானலைக்குக் கொண்டுவந்தார். தாமஸ் கைலாத்துடன் இணைந்து 1992இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1994இல் வழங்கப்பட்டது. அனுப்புமிடத்திலும் பெறுமிடத்திலும் பல ஆண்டெனாக்களை வைத்து, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல செய்தியோட்டங்களை அனுப்பும் 'மைமோ' முறைக்கு அடித்தளமிட்ட காப்புரிமை இது. வைஃபையும் நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசி வலையங்களும் இம்முறையைக் கையாள்கின்றன. பத்மபூஷண் (2010), மார்க்கோனி பரிசு (2014), இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியியல் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஃபாரடே பதக்கம் (2023) ஆகியன அவருக்குக் கிடைத்த சிறப்புகளுட் சில.

2. பகையாக இருந்த தெறிப்பு

நகர வீதி, கடலைப் போன்றதே. கட்டடச் சுவர், கண்ணாடி முகப்பு, எதிரே நிற்கும் சரக்குந்து ஆகிய எல்லாவற்றிலும் வானலை மோதித் திரும்புகிறது. இவ்வாறு திரும்புவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒளிக்கு 'எதிரொளிப்பு' என்றும் ஒலிக்கு 'எதிரொலிப்பு' என்றும் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'தெறிப்பு' என்கின்றன. வானலை கண்ணுக்குத் தெரிவதுமன்று, காதுக்குக் கேட்பதுமன்று. ஒளியையோ ஒலியையோ தன்னுள் கொண்டிராத 'தெறிப்பு' என்னும் சொல்லே இங்குப் பொருந்துகிறது.

தெறிப்பு இருவகையில் இடர் தருகிறது. முதலாவது, கால அளவைக் கெடுக்கிறது. செயற்கைக்கோள் வழி இடமறியும் ஜிபிஎஸ் கருவி, அலை வந்த நேரத்தைக் கொண்டே தொலைவைக் கணிக்கிறது. ஒரு நொடியின் ஒரு கோடியில் ஒரு பங்கு தாழ்ந்து வரினும் 30 மீட்டர் தொலைவு கூடுதலாகக் கணக்கில் ஏறும். உயர்ந்த கட்டடங்களிடையே செல்லும் இலண்டன் பேருந்து ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாமல், சக்கரச் சுழற்சியிலிருந்து கடந்த தொலைவையும் சுழல்காட்டியிலிருந்து திரும்பிய திசையையும் சேர்த்துக் கணிப்பது இதனாலேயே.

இரண்டாவது, செய்தியின் வலிமையைக் கெடுக்கிறது. ஊர்தித் தொடர்புக்குப் பல நாடுகளில் ஒதுக்கப்பட்டுள்ள 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அலைநீளம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். ஒரே அலையின் இரு படிகள் அரை அலைநீளம், அஃதாவது இரண்டரை சென்டிமீட்டர், முன்பின்னாக வந்து சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். இதனை 'மங்கல்' என்பாரும் உளர். மங்கல் விளக்குக்கு உரியது. வலிமை குன்றுதலைக் குறிக்க 'நலிவு' என்பது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

பால்ராஜின் சிந்தனை இப்பகையைத் துணையாக்கியது. இதனை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். 'அ', 'ஆ' என்னும் இரு செய்திகளை இரு ஆண்டெனாக்கள் ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. பெறுமிடத்தில் முதல் ஆண்டெனாவுக்கு இரண்டின் கூட்டல் கிடைக்கிறது. இரண்டாவதற்கு இரண்டின் வேறுபாடு கிடைக்கிறது. கிடைத்த இரண்டையும் கூட்டினால் 'அ'வின் இருமடங்கு வரும். கழித்தால் 'ஆ'வின் இருமடங்கு வரும். கலந்து வந்தவை பிரிந்துவிட்டன. இரு ஆண்டெனாக்களுக்கும் ஒரே கலவை கிடைத்திருப்பின், இரண்டு சமன்பாடுகளும் ஒன்றாகிக் கணக்குத் தீராது. கலவைகளை வேறுபடுத்துவது எது? வெவ்வேறு சுவர்களில் பட்டு வெவ்வேறு வழியில் வந்த தெறிப்புகளே. திறந்த வெளியை விட நெருங்கிய நகர வீதியில் மைமோ சிறப்பாகச் செயற்படக்கூடும் என்பதன் காரணம் இதுவே.

3. விரைவில் முதுமையுறும் அறிவு

மேற்கண்ட கணக்கைத் தீர்க்க ஒரு முன்தேவை உண்டு: எந்தக் கலவை எந்த ஆண்டெனாவுக்கு வந்தது எனப் பெறுவோன் அறிந்திருத்தல் வேண்டும். இதற்காக ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் இருதரப்பும் முன்பே அறிந்த ஒரு குறிகை அனுப்பப்படுகிறது. அது எவ்வாறு திரிந்து வந்தது என்பதைக் கொண்டு இடைப்பட்ட வெளியின் இயல்பு மதிப்பிடப்படுகிறது. அசையாதிருக்கும் மடிக்கணினிக்கு இது போதும். ஓடும் ஊர்திக்குப் போதாது.

ஐ.இ.இ.இ. 802.11பி என்னும் செந்தரம் 2010இல் வெளியாயிற்று. வைஃபையின் வடிவமைப்பை எடுத்து, அலைவரிசை அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 10ஆகக் குறைத்து, ஒவ்வொரு குறிகைத் துண்டின் கால அளவையும் இருமடங்காக்கியது. துண்டுகளுக்கு இடையிலான காப்பு இடைவெளி 1.6 மைக்ரோநொடி ஆயிற்று. நேரே வந்த அலையினும் 480 மீட்டர் மிகுதியாகச் சுற்றி வரும் தெறிப்பும் அடுத்த துண்டில் கலவாதிருக்க அவ்விடைவெளி உதவுகிறது. தெறிப்புக்கு இவ்வாறு தீர்வு கிடைத்தது, நகர்வுக்குக் கிடைத்ததா?

மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில், அஃதாவது நொடிக்கு 30 மீட்டர் வீதம், இரு ஊர்திகள் எதிரெதிரே வருவதாகக் கொள்வோம். 300 பைட்டு அளவுள்ள எச்சரிக்கைச் செய்தியை நொடிக்கு 6 மெகாபிட் வீதத்தில் அனுப்ப 0.4 மில்லிநொடி ஆகும். அந்நேரத்துக்குள் ஊர்திகளின் இடைவெளி 2.4 சென்டிமீட்டர் குறைந்துவிடுகிறது. அரை அலைநீளத்துக்கு இது கிட்டத்தட்டச் சமம். செய்தியின் தலைப்பகுதி வந்தபோது ஒன்றையொன்று வலுப்படுத்திய தெறிப்புகள், வாற்பகுதி வரும்போது ஒன்றையொன்று அழிக்கலாம். தொடக்கத்தில் பெற்ற அறிவு, செய்தி முடியுமுன் முதுமையுற்றுவிடுகிறது.

நகர்வால் அலையின் அதிர்வெண் மாறும் டாப்ளர் விளைவைப் பலரும் அறிவர். மேற்கூறிய வேகத்தில் அம்மாற்றம் ஏறத்தாழ 1,180 ஹெர்ட்ஸ். துணையலைகளுக்கு இடையிலுள்ள 156 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அதிர்வெண் மாறுவது பெருஞ்சிக்கல் அன்று. மதிப்பீடு பழையதாவதே சிக்கல். இத்துறையின் குறிகைச் செயலாக்க ஆய்வுகளிற் பெரும்பங்கு, முதுமையுற்ற மதிப்பீட்டைச் செய்தியின் நடுவிலேயே புதுப்பிப்பது எவ்வாறு என்பதைப் பற்றியதே. பின்வந்த 802.11பிடி செந்தரம், செய்தியின் இடையிடையேயும் அறிந்த குறிகைகளைச் செருகுகிறது. அவற்றுக்குச் செலவாகும் நேரம் செய்திக்குக் கிடைக்காது; எனினும் அச்செலவு தகும்.

4. ஊர்திக்கு வேண்டுவது மிகுதியா, உறுதியா?

கைப்பேசியில் திரைப்படம் பார்ப்பவருக்கு மைமோ தருவது மிகுதி: ஒரே நேரத்தில் பல செய்தியோட்டங்கள். ஊர்தியின் தேவை வேறு. இடம், வேகம், திசை, நிறுத்துகருவியின் நிலை ஆகியவற்றைக் கூறும் சிறு செய்தியை நொடிக்குப் பத்து முறை வரை அனுப்பினாற் போதும். ஆனால் அது தவறாமற் சேர்தல் வேண்டும்.

பல ஆண்டெனாக்கள் இதற்கும் உதவும். ஓர் ஆண்டெனாவில் குறிகை நலிந்துபோகும் வாய்ப்பு பத்தில் ஒன்று எனக் கொள்வோம். ஒன்றையொன்று சாராத நிலையில் இரண்டாவது ஆண்டெனா ஒன்று இருப்பின், இரண்டும் ஒருங்கே நலியும் வாய்ப்பு நூற்றில் ஒன்றாகிறது. மூன்றாயின் ஆயிரத்தில் ஒன்று. கூரையின் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக வைத்தால், ஒன்றை மறைக்கும் தடை மற்றொன்றை மறைப்பது அரிது. ஒரே செய்தியைப் பலமுறை கேட்டு உறுதிசெய்யும் இப்பன்மையே சாலையில் உயிர்காப்பது.

எந்தச் செந்தரத்தைப் பின்பற்றுவது என்பதில் நாடுகள் ஒருமித்திருக்கவில்லை. அமெரிக்கா 1999இல் இதற்கென 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. 2020இல் அதில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபை போன்ற பயன்பாடுகளுக்கு மாற்றி, எஞ்சிய 30ஐக் கைப்பேசி வழிவந்த வேறொரு முறைக்கு அளித்தது. ஐக்கிய இராச்சியத்தில் 2024ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தானியங்கி ஊர்திகள் சட்டம், தானே ஓடும் ஊர்தியின் செயலுக்குப் பொறுப்பாளர் யார் என்னும் வினாவைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துள்ளது.

5. சொற்களின் தேர்வு

இவ்விளக்கத்தில் 'குறிகை' என்னும் சொல்லை வானலையிற் செல்லும் செய்தியின் வடிவுக்கு மட்டுமே ஆண்டுள்ளேன். தமிழ்நாட்டுக் கலைச்சொல் தொகுதிகளில் இடம்பெற்ற சொல் இது. சந்திப்பிலுள்ள விளக்குக்கு அதனை வழங்காமல், 'சந்திப்பு விளக்கு' என்றே கூறியுள்ளேன். 'தெறிப்பு' ஈழத்து வழக்கிலிருந்து பெற்றது. இவ்விரு வழக்குகளுள் எதுவும் தனித்து நின்று இத்துறைக்குப் போதவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. அலை செல்லும் வெளியைத் 'தடம்' என்பது உண்டு. பேருந்து செல்லும் பாதையும் வழித்தடமே. ஊர்தித் தொடர்பு பற்றிய நூலில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். 'அலைவழி' எனப் பிரித்து வழங்கினால் மயக்கம் நீங்கும். 'ஆண்டெனா'வுக்கு வழங்கும் 'அலைவாங்கி' பாதிப் பொருளையே தருகிறது. மைமோவில் அது வாங்குவதோடு வழங்கவும் செய்கிறது. ஆதலின் வழக்கில் ஊன்றிய கடன்சொல்லையே கொண்டேன். 'இரைச்சல்' மட்டும் இருகரையிலும் நிலைபெற்றுவிட்டது.

முடிவுரை

சொல்லாய்வு வெறும் அகராதிப் பணி அன்று. தமிழ் மட்டுமே நன்கறிந்த ஓர் ஓட்டுநர், விபத்தொன்றின்பின், "சிக்னல் வேலை செய்யவில்லை" எனச் சாட்சி சொல்வதாகக் கொள்வோம். விளக்கு எரியவில்லையா, ஊர்தியின் எச்சரிக்கைச் செய்தி வந்து சேரவில்லையா, கைப்பேசித் தொடர்பு அற்றதா? மூன்றும் அத்தொடருக்குப் பொருளாகும். முதலாவதாயின் சாலைப் பொறுப்பாளரும், இரண்டாவதாயின் ஊர்தியைச் செய்தோரும், மூன்றாவதாயின் தொலைத்தொடர்பு நிறுவனமும் விடைகூற வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பாளர் தேரும் ஒரு சொல் வழக்கின் போக்கை மாற்றக்கூடும்.

பொள்ளாச்சியில் பிறந்த ஒருவர் கடலிற் கற்ற பாடம், இன்று கைப்பேசி வழியே உலகின் வீதிகளெங்கும் பயன்படுகிறது. அலை தெறித்து வரும் பல வழிகளையும் ஒதுக்காது, அவற்றை ஒருங்கு கொண்டு செய்தியைத் தெளிவாக்கியது அவர் ஆய்வு. கலைச்சொல் ஆக்கத்திலும் தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, புலம்பெயர் நாடுகள் எனப் பல வழியாக வரும் சொற்களைத் துறைதோறும் பொருள்நோக்கி ஒப்பிட்டு, பொருந்துவனவற்றைக் கொள்ளுதல் வேண்டும். ஊர்தித் தொடர்புத் துறைக்கு அத்தகைய பொதுச் சொற்பட்டியல் ஒன்றை, பொறியியலாளரும் மொழியறிஞரும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரும் கூடி உருவாக்க இம்மாநாடு முன்வருதல் தகும்.