கோதுமையினுள் உருமாறும் துருப் பூசணம்

கோதுமையின் தண்டுத் துரு நோயை விளைவிக்கும் பூசணம் உயிருள்ள செடியில் மட்டுமே வளரவல்லது. சமவெளிகளில் கோடை வெப்பத்தால் அது மடியும்; குளிர்ந்த மலைகளிலுள்ள கோதுமையில் தங்கி, காற்றின் வழியே மீண்டும் பரவும். இதனை நிறுவியவர் ஆக்ராவில் பணிபுரிந்த பேராசிரியர் கே. சி. மேத்தா ஆவார். பூசணத்தின் பாலினச் சேர்க்கைக்கு இடமளிக்கும் பார்பெரிச் செடிக்கு இந்தியாவில் இந்நோய்ப் பரவலில் பங்கில்லை. ஆயினும் பூசணம் மாறாதிருப்பதில்லை.

அதன் இழையறை ஒவ்வொன்றிலும் இரண்டு உட்கருக்கள் உள்ளன. ஒரே செடியில் இருவேறு இனங்கள் குடிபுகுந்தால், அவற்றின் இழைகள் இணைந்து உட்கருக்களை மாற்றிக்கொள்ளக்கூடும். 1998-இல் உகாண்டாவில் காணப்பட்ட யு.ஜி. 99 என்னும் இனம் இவ்வாறே தோன்றியது என 2019-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. உலகெங்கும் பல ரகங்களைக் காத்துவந்த எஸ்.ஆர். 31 ஜீன் அதன்முன் பயனற்றுப்போயிற்று. 2006-இல் கென்யாவில் அதன் வழித்தோன்றல் ஒன்று, சடுதிமாற்றத்தால் எஸ்.ஆர். 24 ஜீனையும் வென்றது.

ஆகவே ஒரே ஜீனை நம்பிய ரகத்தை எங்கும் பயிரிடுதல் தகாது. பல ஜீன்கள் சேர்ந்த ரகங்களைப் பயிரிடுவதும், தானே முளைத்த கோதுமையை அகற்றுவதும் நலம். நோய் தாங்கும் ரகத்தில் துருப் புள்ளி தென்பட்டால், களப்பணியாளர் உடனே மாதிரியெடுத்து ஆய்வுக்கு அனுப்புதல் வேண்டும். புதிய இனத்தின் முதல் அடையாளம் அதுவாக இருக்கலாம்.